பால் கொடுத்தவளின் பதில்

உப்பளம், புதுச்சேரி
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி உஸைருக்கு,

நூரீனின் அக்கா, அக்தர் லாத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உங்கள் சகலை அப்துல் கையூம், மகன் அர்ஹம், லமீஸ் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் இரட்டைக் குழந்தைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். லியோனில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். குழந்தைகளுக்கு நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நலம் விசாரித்தாகிவிட்டது, இனிச் சண்டைக்கு வருகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். போனில் நான் வாயைத் திறந்த உடனே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. பிடிக்காவிட்டால் கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் எப்படியும் படிப்பீர்கள். மனிதப் புத்தி அப்படி.

நீங்கள் அனுப்பிய குரல் செய்தி எனக்கு வரவில்லை, உங்கள் சகலையின் போனுக்கு வந்தது. மெத்தைக் கடையில் உட்கார்ந்து அவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டுப் போனை என் முன்னால் வைத்தார், டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற பிரச்சினை எங்கள் வீட்டில் எப்போதும் வந்ததில்லை. நான்தான் கட்டுவேன்.

உங்கள் மகள் லமீஸுக்கு ஆகஸ்டில் பதினெட்டு முடிகிறது, அதற்குள் அவள் பிரான்சுக்கு வந்துவிட வேண்டும், காகிதங்களை எல்லாம் ஏஜென்ட் மதிவாணனிடம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தீர்கள். பிரிய மனம் இல்லையென்றால் அர்ஹமுக்கே அவளை நிக்காஹ் முடித்துவைத்து, இரண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்கள் என்றும் சொன்னீர்கள். கடைசியில் ஒரு சிரிப்பு வேறு. "லாத்தா அந்தக் காட்டுப் பூனைய வளத்தாங்களே, என்னாச்சு? காட்டுக்குத்தான போச்சு? ரத்தம் அப்டி. யாரு பால் குடுத்தாலும் போவ வேண்டிய எடத்துக்குத்தான் போவும்" என்றீர்கள்.

மற்றதை எல்லாம் பிறகு பார்ப்போம். முதலில் பூனைக்குப் பதில் சொல்கிறேன். யாரோ உங்களுக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் கடையில் ஒரு பூனை இருக்கிறது. அர்ஹம் அதற்குச் சின்ன பேகம் என்று பெயர் வைத்திருக்கிறான். குட்டிகளுக்குப் பக்கத்தில் யார் போனாலும் அது அறையும், நானும் அப்படித்தானாம். அவன் கிண்டல் கிடக்கட்டும். போன வருடம் இலவம் பஞ்சு வரும் பருவத்தில் சின்ன பேகம் மூட்டைகளுக்கு நடுவில் குட்டி போட்டிருந்தது. எங்களுக்குப் பஞ்சு கொண்டுவருகிறவர் பாகூர்ப் பக்கத்து ஆள், மண்ணாங்கட்டி என்று பெயர். அங்கே அப்போது கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டிய தோட்டத்தில், தோகைக்குள்ளிருந்து ஒரு குட்டி கத்தியதாம். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். பஞ்சு மூட்டையின் வாயில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

"எவனோ வூட்டுப் பூனக்குட்டிய கொண்டாந்து கொல்லையில வுட்டுட்டுப் போயிட்டான் போலக்குதும்மா. ஒங்க பூனதான் பால் குடுக்குதே, இதையும் சேத்து வுடுங்க" என்றார். தாயில்லாத ஆட்டுக்குட்டிக்குச் செய்வதுபோல, சின்ன பேகம் படுத்திருந்த பஞ்சை எடுத்துக் குட்டியின் உடம்பெல்லாம் தேய்த்து, மற்றக் குட்டிகளுக்கு நடுவில் நுழைத்துவிட்டார்.

சின்ன பேகம் முகர்ந்தது. உறுமியது. லமீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு முறை முகர்ந்துவிட்டு அது குட்டியின் தலையை நக்க ஆரம்பித்தது. பூனை நக்கிவிட்டால் முடிந்தது கதை, அதற்கு மேல் கையெழுத்து வேண்டியதில்லை. அதன் குட்டிகளும் வரி போட்டவை, இதுவும் வரி போட்டது. எது வந்தது, எது பிறந்தது என்று எங்களுக்கே இரண்டு நாளில் குழம்பிவிட்டது. வந்த குட்டிக்கு லமீஸ் பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் குழப்பம் தீர்ந்துவிட்டது. மற்றக் குட்டிகளுக்கு வரி அப்படியே இருக்க, பஞ்சுவுக்கு மட்டும் வெளுத்துக்கொண்டே போய் உடம்பு மணல் நிறமானது. கால்கள் நெடுநெடுவென்று வளர்ந்தன. வால் மட்டும் குட்டையாகவே நின்றுவிட்டது. காது நுனியில் கறுப்பாகக் கொஞ்சம் மயிர் முளைத்தது. ஒரு நாள், நான் போர்வை ஊறவைத்திருந்த அண்டாவுக்குள் தானாகவே இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் சுகமாக உட்கார்ந்திருந்தது. தண்ணீரில் இறங்கும் பூனையை நான் அதுவரை பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏ பாயம்மா, சிறுத்தக் குட்டிய வச்சிக்கினா குடித்தனம் பண்ற?" என்று கத்த, தெருவே கூடிவிட்டது.

லமீஸ்தான் படம் எடுத்துக்கொண்டுபோய்க் கால்நடை டாக்டர் ஹேமலதாவிடம் காட்டினாள். காட்டு விலங்குகளுக்கு அடிபட்டால் பார்க்கிறவர் அவர். அன்று மாலையே வந்துவிட்டார். பஞ்சுவின் காதை, வாலை எல்லாம் பார்த்துவிட்டு, பக்கத்தில் படுத்து அதை நக்கிக்கொண்டிருந்த சின்ன பேகத்தையும் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

அது சிறுத்தையும் இல்லை, வீட்டுப் பூனையும் இல்லையாம். காட்டுப் பூனை என்றே அதற்குப் பெயராம். ஏரிக்கரைக் கோரையிலும் கரும்புக்குள்ளும் இருந்துகொண்டு எலி பிடித்துத் தின்னும். கரும்புக்காரனுக்கு அது செய்கிற உதவி எந்தக் கரும்புக்காரனுக்கும் தெரியாது. குட்டியில் வரி இருக்கும், வளர வளரப் போய்விடும். நம் வீட்டுப் பூனைகளின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அரபு நாட்டுப் பக்கத்தில் இருந்த வேறொரு காட்டுப் பூனையாம். மனிதன் தானியம் சேர்த்தான், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்து வீட்டிலேயே தங்கிவிட்டது என்றார். அப்படியானால் இதற்கும் அதற்கும் உறவே இல்லையா என்று கேட்டேன். "ஏன் இல்லாம? நெருங்குன சொந்தம்தான். பெரியம்மா புள்ளைங்க மாதிரி வச்சிக்கிங்க" என்றார். நான் லமீஸைப் பார்த்தேன். அவள் அர்ஹமைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கரும்பு வெட்டும்போது இப்படிக் குட்டி கிடைத்தால் எடுக்கவே கூடாதாம். ஓரமாக வைத்துவிட்டு ஆட்கள் விலகிவிட்டால், பொழுது சாய்ந்ததும் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடுமாம். மண்ணாங்கட்டி நல்லது என்று நினைத்துத்தான் செய்தார், நானும் நல்லது என்று நினைத்துத்தான் வாங்கினேன். ஆனால் அங்கே ஒருத்தி வந்து தேடியிருப்பாள்.

அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்றார். அதைவிட முக்கியமாக, தெருவில் விட்டால் தெருப் பூனைகளோடு சேர்ந்து கலப்புக் குட்டி போடும், அப்படியே கலந்து கலந்து காட்டுப் பூனை என்ற ஒன்று இல்லாமலே போய்விடும் என்றார். வேட்டை பழக்கி, அது பிறந்த பக்கத்திலேயே விடலாம், முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிப் போனார். உங்கள் சகலை எப்போதும்போல மதில் மேல் பூனையாக இருந்தார். கதவைச் சாத்தி வைத்துக்கொள்வோம், யாருக்குத் தெரியப் போகிறது என்றான் அர்ஹம். எனக்கும் கொடுக்க மனமில்லை. லமீஸ்தான், "நம்மளுக்கு ஆசயா இருக்குன்னு அத வச்சிக்கக் கூடாது பெரிம்மா. அதுக்கு என்ன வேணும்னு பாக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, உள்ளே போய் மெத்தைக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் சொன்ன பேச்சை மாற்றவில்லை.

டாக்டரின் ஆட்கள் பஞ்சுவைக் கொண்டுபோய்க் கம்பி அடைப்பில் வைத்துச் சில மாதம் எலி பிடிக்கப் பழக்கினார்கள். மழை முடிந்த பிறகு பாகூர்ப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரையில் கூண்டைத் திறந்தோம். நானும் லமீஸும் போயிருந்தோம். பஞ்சு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றது. கூப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கூப்பிட்டுவிட்டேன். ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது, தலையைத் திருப்பவில்லை. தண்ணீரில் இறங்கி நடந்து கோரைக்குள் போய்விட்டது. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கடைக்குத் திரும்பினால், சின்ன பேகம் எங்கள் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தது.

இதுதான் நடந்தது தம்பி. இப்போது உங்கள் சிரிப்புக்கு வருகிறேன். காட்டுப் பூனை ரத்தம் இழுத்துக் காட்டுக்குப் போகவில்லை. அதற்கு எது நல்லது என்று ஒரு பெண் யோசித்து, அழுதுகொண்டே அனுப்பிவைத்தாள். அந்தப் பெண் உங்கள் மகள். நீங்கள் அவளுக்கு எது நல்லது என்று யோசித்தீர்களா? உங்கள் பேச்சை நான் மூன்று தடவை கேட்டேன். அவள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஒரு கேள்வி அதில் இல்லை. மார்ச்சில் அவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை, அது உங்களுக்குத் தெரியாது. குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவம் சேர வேண்டும் என்று ஒரு வருடமாக உட்கார்ந்து படிக்கிறாள், அதுவும் தெரியாது. "அவ வந்தா வூட்டுக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று நடுவில் ஒரு வார்த்தை விட்டீர்களே, அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. இரண்டு கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒத்தாசை என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆள் வேண்டுமென்றால் ஆள் வையுங்கள். என் பிள்ளையை ஆயா வேலைக்கு அனுப்ப மாட்டேன்.

ரத்தம் ரத்தம் என்கிறீர்கள். பூனைக் கதையையே நீங்கள் எடுத்ததால் நானும் அதிலேயே சொல்கிறேன். எங்கள் கடையில் எத்தனையோ ஈற்று பார்த்துவிட்டேன். பால் கொடுக்கிறது தாய். பசிக்கு எலி கொண்டுவந்து போடுகிறதும் அதுதான். நாய் வந்தால் முன்னால் நிற்கிறதும் அதுதான். குட்டிகள் எல்லாம் வளர்ந்து ஆளான பிறகு, மதிலேறி வந்து என் ரத்தத்தைக் கொடு என்று கேட்ட கடுவனை நான் இந்த வயதுவரை பார்த்ததில்லை. பூனைக்குக்கூட அந்த வெட்கம் இருக்கிறது.

கோபம் வருகிறதா? வரட்டும். அர்ஹமுக்கு முடித்துவைக்கச் சொன்னீர்களே, அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். என் தங்கை நூரீன் பிரசவத்தில் மௌத்தானபோது, லமீஸ் பிறந்து ஒரு இரவுகூட முழுதாக ஆகவில்லை. தங்கச்சியைக் குளிப்பாட்டிக் கொண்டுபோகிற நேரத்தில், உள்ளறையில் இந்தக் குழந்தை பசிக்குக் கத்திக்கொண்டிருந்தது. அர்ஹம் அப்போது எனக்குக் கைக்குழந்தை. நான் கதவைச் சாத்திக்கொண்டு லமீஸை எடுத்து மார்பில் போட்டேன். கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம், மார்பில் பால் ஒரு பக்கம். அன்று தொடங்கி, அவள் நடக்கிற வரைக்கும் இரண்டு பேரும் என்னிடம்தான் குடித்தார்கள். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள்.

நம் மார்க்கத்தில் அக்கா தங்கை பிள்ளைகளுக்குள் நிக்காஹ் செய்யலாம்தான், ஆனால் பால் கொடுத்தவள் தாய். ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள் நிக்காஹ் ஹராம். இது உங்களுக்குத் தெரியாததில்லை. நான் பால் கொடுத்தேன் என்பதுதான் தெரியாது. தெருவுக்குத் தெரியும், பள்ளிவாசல் இமாமுக்குத் தெரியும், செல்வாம்பாளுக்குத் தெரியும். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். தாயில்லாத குழந்தை என்ன குடித்து உயிரோடு இருக்கிறது என்று அன்றும் கேட்கவில்லை, இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணனுக்குத் தங்கையைக் கட்டிவைக்கச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அந்தக் கரும்புக் கொல்லையில் குட்டியைத் தேடி ஒரு தாய் வந்திருப்பாள் என்று நினைத்து நான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். லமீஸைத் தேடி அன்று யாரும் வரவில்லை தம்பி. தேட வேண்டியவள் மண்ணுக்குள் போய்விட்டாள், இருந்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. பெரியம்மா என்றுதான் நான் பழக்கினேன். அம்மா என்ற வார்த்தை நூரீனுக்கு என்று எடுத்து வைத்தது, அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களையும் அவளுக்கு நான் குறைத்துச் சொன்னதில்லை. வாப்பா பிரான்சில் கஷ்டப்படுகிறார், அதனால்தான் வர முடியவில்லை என்றுதான் சொல்லி வளர்த்தேன். இனிச் சொல்ல மாட்டேன்.

உங்கள் செய்தியை அவளுக்கும் போட்டுக் காட்டினேன். மறைக்க வேண்டாம் என்று நினைத்தேன், அவள் விஷயம் அது. முழுதும் கேட்டாள். காட்டுப் பூனை என்று வந்த இடத்தில் ஒருமுறை நிறுத்தி, திரும்பக் கேட்டாள். பிறகு, "அவரு வரட்டும் பெரிம்மா. வந்து என்னப் பாக்கட்டும். பாத்துப் பழகிட்டு, அப்பறம் கேக்கட்டும். நான் பதில் சொல்றேன்" என்றாள். அழவில்லை. போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆகவே என் முடிவு இது. மேரியில், அதாவது நகராட்சியில், எடுத்த பிறப்புச் சான்றிதழும் மற்றக் காகிதங்களும் என் பீரோவில் இருக்கின்றன, சாவி என் இடுப்பில் இருக்கிறது. மதிவாணன் போன வாரம் வந்தார். உட்காரவைத்து டீ கொடுத்தேன், காகிதம் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போவேன் என்றால் தாராளமாகப் போங்கள். நீங்கள் தகப்பன், அதை நான் மறுக்கவில்லை, சட்டம் உங்கள் பக்கம்கூட இருக்கலாம். அங்கே வந்து என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல எனக்கு வக்கீல் வேண்டாம். அவள் குரும்பாபேட்டையில் சேருவாள். படித்து முடித்து, பிரான்சுக்கு வருகிறேன் என்று அவளே சொன்னால், நானே பெட்டி கட்டி வழியனுப்புவேன். பஞ்சுவை அனுப்பின கை இது, எனக்கு அனுப்பத் தெரியும். கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கத்தான் தெரியாது.

இதை உங்கள் சகலையிடம் படித்துக் காட்டினேன். பாதியை எடுத்துவிடு, மனிதர் மனம் புண்படும் என்றார். அவருக்காக இரண்டு வரி எடுத்தேன். கடுவன் வரியையும் எடுக்கச் சொன்னார், அது இருக்கட்டும் என்றுவிட்டேன். பிறகு அவரே, "அவ போயிட்டா இந்த வூடு வூடா இருக்காது அக்தர். நல்லா அழுத்தியே எழுது" என்றார். மதிலிலிருந்து ஒருவழியாக இறங்கிவிட்டார்.

டாக்டரின் ஆட்கள் கொண்டுபோன பிறகு சின்ன பேகம் ஒரு வாரம் பஞ்சுவைத் தேடியது. மூட்டை மூட்டையாக முகர்ந்து, கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, பிறகு தின்று தூங்க ஆரம்பித்துவிட்டது. பூனைக்கு ஒரு வாரம் போதும். எனக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கணக்குப் போட வேண்டாம்.

பரீட்சை முடிந்ததும் வாருங்கள். எங்கள் வீட்டிலேயே தங்குங்கள். உங்களுக்குப் பிடித்த இறால் பிரியாணி செய்கிறேன், அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவள் பேசுவதைக் கேளுங்கள். வருவதற்கு ஒரு டிக்கெட் எடுங்கள், போவதற்கும் ஒரு டிக்கெட் எடுங்கள். அதற்கு மேல் எடுக்க வேண்டாம் தம்பி, இதை மட்டும் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அவர்களுக்குப் பால் கொடுக்கிறவள், அவர்கள் வளர்ந்து ஆளாகும்வரை அவர்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வஸ்ஸலாம்,
லமீஸின் பெரியம்மா
அக்தர் பேகம்